வண்டி நம்முடையது; எஞ்சினும் நம்முடையதே

நெசவாளர் ஒருவர் தம் தறியில் பாவு இழை அறுந்துவிட்டால், அதனை முடிச்சிடுவதற்காக வேறொருவரைத் தேடிச் செல்வதில்லை. விழுது தளர்ந்தால் தாமே இறுக்கிக் கட்டுகிறார். நாடா ஓடும் பலகை சொரசொரப்படைந்தால் தாமே எண்ணெய் தடவுகிறார். விவசாயியும் அவ்வாறே. மண்வெட்டிக்குக் காம்பு செருகுவதும், மடையை அடைப்பதும், கிணற்றுப் பம்பு செட்டின் ஃபுட் வால்வில் சிக்கிய சருகை அகற்றுவதும் அவருக்குக் கைவந்த வேலைகள். தொழிற்கருவியை அறிந்து பேணி வருதல் நம் இரு தொழில்களுக்கும் பொதுவான பழக்கமாகும். எனினும் அதே நெசவாளரையும் அதே விவசாயியையும் அணுகி, "தாங்கள் நாள்தோறும் ஏறிச் செல்லும் மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் இன்று எண்ணெய் எவ்வளவு இருக்கிறது?" என்று வினவினால், நம்மில் பலருக்கு விடை தெரியாது. எண்ணெய் அளவுக் குச்சி எவ்விடத்தில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை எனக்கும் தெரியாது.

இக்கட்டுரையின் கருத்து இதுதான்: மோட்டார் சைக்கிள் எஞ்சினின் எளிய பராமரிப்பு வேலைகளை அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் தம் கையால் செய்து பழகிக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகளையும் பயிற்சியையும் நமது சங்கங்கள் பொதுவில் அளிக்க முன்வர வேண்டும். இவ்விரண்டில் ஒன்று மட்டும் நடைபெற்றால் போதிய பயன் விளையாது.

மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. வீரவநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் உள்ள நெசவாள அன்பர்கள் நூலை எடுத்துச் செல்வதும், நெய்த துணியைச் சங்கத்தில் சேர்ப்பதும் பெரும்பாலும் இரு சக்கர வண்டியிலேதான். தாமிரபரணிப் பாசனத்தில் வாழை பயிரிடுவோர் இலைக்கட்டை விடியுமுன் சந்தைக்குக் கொண்டுசெல்வதும் அதிலேதான். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் முருங்கைக்காயும் கருப்பட்டியும் அவ்வண்டியிலேயே திசையன்விளைக்குப் பயணமாகின்றன. வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருவாய் நிற்கிறது. தறியும் கிணறும் தொழிற்கருவிகளாயின், வண்டியும் தொழிற்கருவியே என்பதில் ஐயமில்லை.

என் பிழையால் நேர்ந்த நஷ்டம்

நான் உவரியை அடுத்த தேரிக்காட்டு ஓரத்தில் முருங்கை பயிரிடுபவன். ஓர் ஆனி மாதத்து விடியற்காலையில், இரண்டு மூட்டைக் காயை வண்டியின் பின்புறம் கட்டிக்கொண்டு திசையன்விளைச் சந்தைக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் எஞ்சினிலிருந்து அதுவரை கேட்டிராத ஓர் ஓசை எழுந்தது. சுமை மிகுதியினால் வந்த ஓசை என்று எண்ணி மேலும் ஓட்டினேன். சிறிது தூரம் சென்றதும் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தாற்போல வண்டி நின்றது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கிற்று. எதிரில் லாரி ஏதும் வராதது தெய்வாதீனம்.

பட்டறையில் எஞ்சினைப் பிரித்தபோது ஒரு சிறு கிண்ணம் அளவு எண்ணெயே வடிந்தது. அதுவும் கரிக்குழம்பாக இருந்தது. எண்ணெய்ப் பசையின்றி உரசியதால் பிஸ்டனும் சிலிண்டரும் கீறுண்டு ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன. 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனைத்தான். வண்டி என் கைக்குத் திரும்பி வர ஒன்பது நாட்கள் ஆயின. அப்பருவத்தில் இரண்டு பறிப்பில் கிடைத்த ஆதாயம் முழுவதும் அதற்கே சென்றது. மூட்டையில் கிடந்த காய் முற்றி வதங்கிற்று.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு வேறொரு பட்டறையில் எண்ணெய் மாற்றப் பணம் கொடுத்திருந்தேன். ஆதலால் முதலில் அவர்கள்மீதே கோபம் எழுந்தது. ஆனால் ஆற அமர யோசித்தபோது, அவர்கள் எண்ணெயை மாற்றினார்களா இல்லையா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் ஒன்றுமில்லை என்பது விளங்கிற்று. வேலை நடந்தபோது நான் அருகில் நிற்கவில்லை. பிறகு ஒரு நாளேனும் குச்சியை எடுத்துப் பார்க்கவும் இல்லை. அதற்கு வேண்டியது ஒரு பழந்துணியும் அரை நிமிஷ நேரமும்தான். அறியாதவன் ஏமாற்றப்பட்டானா, தானே ஏமாந்தானா என்பதைக்கூட அறிய முடியாது. என் நஷ்டத்தில் கசப்பான பகுதி அதுவே.

அந்த ஒன்பது நாட்களில் ஒரு மாலை, உவரிக் கடற்கரையில் படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் என் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் படகிலிருந்து கழற்றிய எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டு உப்புப் போக ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மாற்றுப் பிளக்கும் அதனைக் கழற்றும் சாவியும் ஒரு டப்பாவில் எப்போதும் அவருடன் கடலுக்குச் செல்கின்றன. "கடலுக்குள்ள மெக்கானிக் கடை இல்ல, அண்ணாச்சி. கரையிலயே பாத்துக்கிட்டாத்தான் உண்டு" என்றார். அவர் என்னைவிட அதிகம் படித்தவரல்லர். ஆனால் எஞ்சின் நின்றால் தம் உயிருக்கே ஆபத்து என்பதை அறிந்தவர். சாலையில் எஞ்சின் நின்றால் உயிர் போகாது என்ற நினைப்பே என்னைப் போன்றவர்களைச் சோம்பேறிகளாக்கியது போலும்.

பழைய பழக்கமும் புதிய எஞ்சினும்

சோம்பலை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது. இதற்கு வேறொரு காரணமும் உண்டு.

எஞ்சின் நம் ஜில்லாவுக்கு அந்நியப் பொருளன்று. திருக்குறுங்குடியில் 1877-ம் ஆண்டில் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார், மதுரையில் பஸ் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கிப் பெரும் நிறுவனத்தை வளர்த்தவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு நேர்ந்தபோது, கரியிலிருந்து கிடைக்கும் வாயுவால் வண்டியை ஓட்டும் சாதனத்தை அந்நிறுவனம் உருவாக்கிற்று. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு தொழிற்சாலை தோன்றி, புல்லட் வண்டிகள் நம் சாலைக்கு வந்தன. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி வெளிவந்தது. பால்காரர், மீன் வியாபாரி, நெசவாளர், விவசாயி ஆகிய எல்லோரையும் சைக்கிளிலிருந்து மோட்டார் வண்டிக்கு ஏற்றிய பெருமையில் இவ்வகைச் சிறு வண்டிகளுக்குப் பெரும் பங்குண்டு.

அச்சிறு வண்டிகளின் எஞ்சின் இருவீச்சு எஞ்சின், அதாவது டூ ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்தே ஊற்றுவார்கள். எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து பிஸ்டனை நனைத்து, எரிந்து, புகையாகப் போய்விடும். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் எஞ்சினுக்குப் புதிய எண்ணெய் கிடைத்துவிடும். எஞ்சினுக்கு எண்ணெய் வார்ப்பது என்றால் பெட்ரோல் பங்கில் கலந்து ஊற்றுவது என்றே ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது.

பிறகு நாற்வீச்சு எஞ்சின், அதாவது ஃபோர் ஸ்ட்ரோக், எங்கும் பரவிற்று. ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ 1876-ல் செயற்படுத்திக் காட்டிய முறை இது. 2015-ல் வெளிவந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-உடன், நம் கிராமங்களின் சுமைவண்டியும் நாற்வீச்சு எஞ்சினுக்கு மாறிற்று. இவ்வகை எஞ்சினில் எண்ணெய் பெட்ரோலுடன் கலப்பதில்லை. அது எஞ்சினின் அடிப்பகுதியில் தனியே தங்கி, சுற்றிச் சுற்றி வந்து வேலை செய்கிறது. பெரும்பாலான 100 சி.சி. வண்டிகளில் அதன் அளவு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்த ஒரு லிட்டரே ஆதாரம். அது நாளடைவில் சிறிது சிறிதாகக் குறையும், அழுக்கேறும், வழவழப்பை இழக்கும். குறைந்துவிட்டது என்று விளக்கெரிந்து எச்சரிக்கும் வசதி பெரும்பாலான சிறு வண்டிகளில் இல்லை. வண்டி மாறிற்று, ஓட்டுபவரின் பழக்கம் மாறவில்லை. எஞ்சின்கள் இறுகி நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்று கருதுகிறேன்.

அந்த ஒரு லிட்டர் எண்ணெய் செய்யும் வேலை எவ்வளவென்று பாருங்கள். நாற்வீச்சு எஞ்சின் உறிஞ்சல், அழுத்தல், வெடித்தல், வெளியேற்றல் என்னும் நான்கு செயல்களை இரண்டு சுற்றுக்கு ஒரு முறை முடிக்கிறது. நிமிஷத்திற்கு 4,000 சுற்று சுற்றினால், சிலிண்டருக்குள் நிமிஷத்திற்கு 2,000 முறை பெட்ரோல் வெடிக்கிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் 1,20,000 வெடிப்புகள். அத்தனை முறையும் பிஸ்டன் சிலிண்டரை உரசாமல் காப்பது எண்ணெய்ப் படலமே. சூட்டை வாங்கிக்கொள்வதும், தேய்மானத் துகளைச் சுமந்து செல்வதும் அவ்வெண்ணெயே. மோட்டார் சைக்கிளில் கியரும் கிளட்ச்சும்கூடப் பெரும்பாலும் அதே எண்ணெயில்தான் நனைந்துள்ளன. ஆதலால் கார் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதென்று ஊற்றலாகாது. சில கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சரக்குகள் சேர்ந்திருப்பதால் கிளட்ச் வழுக்கும். இதற்காகவே ஜப்பானியர் 1998-ல் இரு சக்கர வண்டி எண்ணெய்க்குத் தனித் தரம் வகுத்தனர். டப்பாவின்மேல் 'ஜாசோ எம்.ஏ.' என்னும் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் நலம்.

முதன்முறை செய்தபோது

வண்டி திரும்பி வந்தபின், அடுத்த எண்ணெய் மாற்றத்தை என் கையாலேயே செய்வதென்று முடிவு செய்தேன். முதலில் செய்தது வண்டியோடு தந்த கையேட்டைத் தேடி எடுத்ததாகும். வாங்கிய நாள் முதல் அது பெட்டியில் பிரிக்கப்படாமலே கிடந்தது. எண்ணெயின் வகை, அளவு, மாற்ற வேண்டிய கிலோமீட்டர், பிளக்கின் இடைவெளி ஆகிய யாவும் அதில் எழுதப்பட்டிருந்தன. இவை வண்டிக்கு வண்டி மாறுபடும். அண்டை வீட்டார் வண்டியின் கணக்கு நம் வண்டிக்கு ஆகாது.

வண்டியை நடு ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் இளகும் பொருட்டு எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு நிறுத்தினேன். கை சுடாத பதத்திற்கு ஆறியபின், அடியில் தட்டு வைத்து வடிகால் போல்ட்டைக் கழற்றினேன். அப்போது என் கை நடுங்கியது உண்மை. கழற்றியதைத் திரும்பப் பூட்ட முடியாமற் போனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குச் செல்லும் அவமானம் நேருமே என்பதே பயம். எண்ணெய் கறுத்து வடிந்தது. போல்ட்டின் நுனியைத் துடைத்துப் பார்த்தேன். மினுமினுக்கும் உலோகத் தூள் மிகுதியாக ஒட்டியிருந்தால் உள்ளே தேய்மானம் என்று பொருள். எண்ணெய் பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். இரண்டும் இல்லை.

நல்ல வேளை என்று மகிழ்ந்து, போல்ட்டைப் பூட்டிப் புதிய எண்ணெயை அளந்து ஊற்றினேன். மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் உள்ளங்கையளவு எண்ணெய் தேங்கியிருந்தது. போல்ட்டுக்கு அடியில் வரும் சிறு வாஷரைக் கழிவுத் தட்டிலேயே விட்டுவிட்டேன்! மெல்லிய அலுமினியத் தகடான அவ்வாஷர்தான் கசிவைத் தடுப்பது. அதனைத் தேடியெடுத்துப் போட்டபின், இனிக் கசியவே கூடாதென்று பலங்கொண்ட மட்டும் இறுக்கினேன். இது முதற் பிழையைவிடப் பெரிய பிழை. எஞ்சினின் உறை அலுமினியத்தாலானது, போல்ட் எஃகு. அளவுக்கு மீறி இறுக்கினால் உறையின் மரை சிதைந்துவிடும். சிதைந்த மரையைச் சீர்செய்ய ஆகும் செலவில் பலமுறை எண்ணெய் மாற்றலாம். அன்று மரை தப்பியது என் திறமையாலன்று.

இப்பிழைகளை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதன்முறை செய்பவர் பிழை செய்வார். பிழையின்றிச் செய்ய வேண்டுமாயின் இரண்டு வேண்டும்: அருகில் அறிந்தவர் ஒருவர், கையில் சரியான கருவி. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு என்னும் சாவி ஒன்று உண்டு. அது இருந்திருந்தால் என் பலத்தைச் சோதிக்க வேண்டியிருந்திராது. ஆனால் ஆண்டிற்கு இரண்டு மூன்று முறை மட்டும் பயன்படும் அக்கருவியை ஒவ்வொரு குடும்பமும் விலை கொடுத்து வாங்குதல் சிக்கனமாகாது. சங்கத்தின் துணை தேவைப்படும் இடம் இதுவே.

தேரியும் உப்புக்காற்றும்

எண்ணெய்க்கு அடுத்தபடியாக அறிய வேண்டியவை ஏர் ஃபில்டரும் பிளக்கும். எஞ்சின் பெட்ரோலை மட்டும் குடிப்பதில்லை. அதனைவிடப் பன்மடங்கு காற்றையும் உறிஞ்சுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் தேரியின் செம்மணல் காற்றில் எழும்போது உவரிக்கும் குட்டத்திற்கும் இடையே வண்டி ஓட்டியவர்கள், அக்காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறிவார்கள். ஃபில்டர் அடைபட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும், பெட்ரோல் வீணாகும். ஃபில்டர் கிழிந்தாலோ மணல் உள்ளே சென்று சிலிண்டரை அரம் போல் அராவிவிடும். கடற்பஞ்சு போன்ற ஃபில்டராயின் சோப்பு நீரில் அலசி, நன்கு உலர்த்தி, எண்ணெயில் நனைத்துப் பிழிந்து மாட்டலாம். எண்ணெய் தோய்ந்த காகித ஃபில்டராயின் கழுவுதலும் காற்றடித்தலும் கூடா. புதியதை மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்து அன்பர்கள் கையேட்டில் கண்ட கிலோமீட்டருக்கு முன்னதாகவே அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும். தூசிப் பாதையில் ஓடும் வண்டிக்கு அவ்வாறே செய்யும்படி கையேடுகளும் கூறுகின்றன.

பிளக்கைப் படித்தல் சுவையான வேலை. இலையின் நிறத்தைக் கண்டு விவசாயி பயிரின் குறையை அறிவதுபோல, பிளக்கின் நுனியைக் கண்டு எஞ்சினின் குறையை அறியலாம். இளம் பழுப்பு நிறமாயின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் எண்ணெய் மேலேறி எரிகிறது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வெளுத்திருந்தால் சூடு மிகுதி. நுனியின் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.9 மில்லி மீட்டருக்குள் இருக்கும். சரியான அளவைக் கையேடு சொல்லும். அதனை அளக்க ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளின் கட்டு போதும். இழையின் பருமனைக் கைத்தடவலால் அறியும் நெசவாளருக்கு இவ்வளவு நுண்மை புதிதன்று. பிளக்கை எஞ்சின் ஆறியபின்னரே கழற்ற வேண்டும். மாட்டும்போது இறுதிவரை விரலால் திருகிவிட்டுப் பிறகே சாவியைத் தொட வேண்டும். கோணலாக ஏறினால் மரை போயிற்று. கடற்கரையில் உப்புக்காற்றினால் பிளக்கும் போல்ட்டுகளும் துருவேறி இறுகிவிடுகின்றன. நெடுநாள் கழற்றாத பிளக்கை ஒரு நாள் வன்மையாகத் திருகி முறித்துக்கொள்வதைவிட, அவ்வப்போது கழற்றித் துடைத்து மாட்டுவது மேல்.

எல்லை அறிதல்

தாமே செய்தல் என்பது எல்லாவற்றையும் தாமே செய்தல் ஆகாது. எண்ணெய், ஃபில்டர், பிளக் ஆகிய மூன்றும் எவரும் செய்யக்கூடியவை. வால்வு டேப்பெட்டின் இடைவெளியைச் சரிசெய்தல், மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான அளவைப் பற்றிய வேலை. அதனை இரண்டு மூன்று முறை அறிந்தவர் அருகிலிருந்து கண்டபின்னரே தொட வேண்டும். எஞ்சினைப் பிரிக்கும் வேலை மெக்கானிக்குக்கே உரியது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதிலாக, மின்னணுச் சாதனமே பெட்ரோலை அளந்து விடுகிறது. அதன் கம்பிகளையும் உணரிகளையும் பழக்கமின்றித் தொடலாகாது. ஆயினும் அவ்வண்டிகளுக்கும் எண்ணெய் எண்ணெயே, ஃபில்டர் ஃபில்டரே. புது வண்டி வைத்திருப்போர் உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுவனத்தின் இலவசச் சர்வீசுகளைத் தவறவிடாமல், அளவுக் குச்சியைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் மேற்கொண்டால் போதும். ஸ்கூட்டர் ஓட்டும் பெண் அங்கத்தினர்கள், தங்கள் வண்டியில் எஞ்சின் எண்ணெயைத் தவிரக் கியருக்கென்று தனியாகச் சிறிதளவு எண்ணெய் உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

"எல்லோரும் இவ்வாறு செய்துகொண்டால் மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. உழைப்பவர் வருவாயைக் குறைப்பது கூட்டுறவின் நோக்கமன்று. ஆனால் எண்ணெய் மாற்றும் கூலி மெக்கானிக்கின் வருவாயில் சிறு பகுதியே. அவருடைய உண்மையான திறமை, எஞ்சினின் நோயைக் கண்டறிந்து தீர்ப்பதில் இருக்கிறது. தன் வண்டியை அறிந்த ஒருவர், "குளிர்ந்த நிலையில் ஓசை வருகிறது, சூடேறினால் நின்றுவிடுகிறது, எண்ணெய் 1,000 கிலோமீட்டருக்கு இவ்வளவு குறைகிறது" என்று சொன்னால் வேலை எளிதாகும். ஒன்றுமறியாதவரிடம் நேர்மையான மெக்கானிக்கும் ஐயத்திற்கு ஆளாகிறார். அறிந்தவரிடம் அவர் மதிப்பும் உரிய கூலியும் பெறுகிறார். மேலும், பயிற்சி அளிக்கச் சங்கம் அழைக்க வேண்டியவரும் அவரே. அதற்குரிய சன்மானமும் அவருக்கே.

சங்கம் செய்ய வேண்டியவை

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844-ம் ஆண்டில் நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய 28 பேர் கூடி, தனியொருவரால் இயலாத கடையைப் பொதுவில் திறந்த வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்கள் பின்னாளில் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கியதை அவ்வளவாக நினைப்பதில்லை. நல்ல சரக்கு கிடைத்தால் மட்டும் போதாது, அங்கத்தினரின் அறிவும் வளர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதும் இல்லை. நம் கடற்கரைக்கு அடுத்த கன்னியாகுமரி ஜில்லாவிலும் கேரளத்திலும் உள்ள மீனவர் சங்கங்கள், 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்னும் பொது அமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. மீன் விற்பனைக்காகத் திரண்ட அச்சங்கங்கள் அதோடு நிற்கவில்லை. படகு கட்டும் தளங்களையும், படகு எஞ்சின்களை விற்றுப் பழுதுபார்க்கும் நிலையங்களையும் அக்கூட்டமைப்பு நடத்திற்று. தொழிற்கருவி பழுதுபட்டால் தொழிலே நிற்கும் என்பதை உணர்ந்ததால் எஞ்சினையும் சங்கத்தின் அலுவலாக அவர்கள் கருதினர். மீனவர் செய்ததை நெசவாளரும் விவசாயியும் சிறிய அளவில் செய்ய இயலாதா?

நான் வேண்டுவன சிலவே. முதலாவது, ஒவ்வொரு சங்கமும் ஒரு கருவிப் பெட்டி வாங்கி வைத்தல்: ஸ்பானர் செட், பிளக் சாவி, ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்சு, வடிதட்டு, புனல், அளவுக் குவளை. நூலகத்தில் புத்தகம் தருவதுபோலப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அங்கத்தினருக்குத் தந்து, மறுநாள் எண்ணிச் சரிபார்த்துத் திரும்பப் பெறலாம். இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் உள்ளூர் மெக்கானிக் ஒருவரைச் சன்மானம் அளித்து அழைத்து, அங்கத்தினர் தம் வண்டியில் தம் கையாலேயே செய்து பழகச் செய்தல். வேடிக்கை பார்ப்பதால் இவ்வேலை வராது. மூன்றாவது, நல்ல எண்ணெயைச் சீலிட்ட டப்பாக்களில் மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்கு வழங்குதல். சில்லறைக்கு ஊற்றித் தரும் பெயரற்ற எண்ணெயிலிருந்து இது நம்மைக் காக்கும்.

நான்காவது, கழிவு எண்ணெய்க்கென்று மூடியிட்ட பீப்பாய் ஒன்று வைத்தல். இதனை நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். தாமே எண்ணெய் மாற்றுபவருக்கு எழும் முதற் கேள்வி, கழிவை எங்கே கொட்டுவது என்பது. வேலியோரத்து மணலில் ஊற்றிவிடுதல் எளிது. ஆனால் தேரி மணல் மழை நீரை எவ்வளவு விரைவாகக் கீழே இறக்குகிறதோ, அதே வழியில்தான் அழுக்கும் நம் கிணற்றை நோக்கி இறங்கும். ஒரு காரில் ஒரு முறை மாற்றிய எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எச்சரிக்கை. ஆற்றுப் பாசன அன்பர்கள் வாய்க்காலில் ஊற்றினால் அது அடுத்தவர் வயலுக்கே செல்லும். நம் நாட்டின் 2016-ம் ஆண்டு விதிகளும் கழிவு எண்ணெயை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்தியுள்ளன. பீப்பாயில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்போரிடம் ஒப்படைக்கச் சங்கத்தால் இயலும், தனியொருவரால் இயலாது. தாமே செய்தலின் பெயரால் ஊர் நீரைக் கெடுப்போமாயின், இந்த வேலையை நாம் தொடாமலிருப்பதே மேல். கறுத்த எண்ணெய் தோலில் நெடுநேரம் படுதலும் கேடு. கையுறை அணிக, இன்றேல் உடனே சோப்பிட்டுக் கழுவுக.

இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் பிரேரேபித்து மற்றொருவர் ஆமோதித்தால், நிர்வாகக் குழு விதிகளுக்குட்பட்டு நிதி ஒதுக்க வழி காணும். அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு. இன்று மாலை வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒரு பழந்துணியை எடுத்து, அளவுக் குச்சியைத் துடைத்து, கையேட்டில் சொல்லியவாறு மீண்டும் இட்டு எடுத்துப் பாருங்கள். மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே எண்ணெய் இருந்தால் நிம்மதி. கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், என் ஒன்பது நாட்களும் இரண்டு பறிப்பின் ஆதாயமும் தங்களுக்கு மிச்சமாயின என்று கொள்ளுங்கள். பார்த்த தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.

என் வண்டியின் நோட்டுப் புத்தகம் இப்போது இரண்டாவது புத்தகம். சென்ற ஆனி மாதத்திலும் அதே சாலையில், அதே சுமையுடன், அதே காற்றில்தான் திசையன்விளைக்குச் சென்றேன். காய் விடியுமுன் சந்தையில் இருந்தது.